மேலே ஏணி கட்டுகிற தம்பிமாருக்கு, கீழே லாஞ்ச் பிடிக்கிறவன் எழுதுவது

மும்பைக்குக் கப்பல் கொண்டுவரும் கேப்டன்மாருக்கும், சீஃப் ஆபிசர்மாருக்கும், போசனாகவும் (டெக் ஆட்களுக்குத் தலைவன்) ஏபியாகவும் (டெக் மாலுமி) வேலை பார்க்கும் நம்ம ஊர்த் தம்பிமாருக்கும், உங்களைக் கப்பலேற்றி அனுப்புகிற கம்பெனிக்காரர்களுக்கும் வணக்கம்.

இதை ஏன் தமிழில் எழுதுகிறேன் என்றால், இங்கிலீஷில் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. விஎச்எஃப் ரேடியோவில் "ஏணியைச் சரி செய்யுங்கள்" என்றால் "ரோஜர், ரோஜர்" என்று பதில் வரும், ஏணி அப்படியே தொங்கும். இன்னொரு காரணமும் உண்டு, அதற்கு அப்புறம் வருகிறேன்.

நான் பைலட் லாஞ்சில் சராங்கு. துறைமுகத்துக்குள் கப்பலுக்கு வழிகாட்டுகிறவர்தான் பைலட், அவரை ஏற்றிப்போகிற படகுதான் லாஞ்ச், அதை ஓட்டுகிறவன் சராங்கு. ஊரில் தண்டல் என்போமே, அதுதான். 17 வருஷமாக இதே வேலை. பைலட்டைக் கூட்டிக்கொண்டு ப்ராங்ஸ் லைட்ஹவுஸுக்கு வெளியே போய், ஓடுகிற கப்பலோடு கூடவே ஓடி, அவரை ஏணியில் ஏற்றிவிட்டுத் திரும்ப வேண்டும். இறங்குகிற பைலட் இருந்தால் வாங்கிக்கொண்டு வர வேண்டும். உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. பைலட் ஏணியை ஒழுங்காகக் கட்டுங்கள்.

போன ஆடியில் நடந்தது இது. ராத்திரி மூன்று மணி இருக்கும். மழை அப்போதுதான் விட்டிருந்தது, ஆனால் கச்சான் காற்று அடங்கவில்லை, அலை இரண்டரை மூன்று மீட்டருக்குக் குறையாது. வந்தது ஒரு காலிக் கப்பல், பல்க் கேரியர், மூட்டை கட்டாமல் சரக்கை அப்படியே கொட்டி ஏற்றுகிற கப்பல். காலிக் கப்பல் என்றால் எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும். லீ கொடுங்கள், அதாவது லாஞ்ச் வரும் பக்கத்தில் காற்றும் அலையும் அடிக்காதபடி கப்பலைத் திருப்புங்கள் என்றோம், கொடுத்தார்கள், குறை சொல்ல முடியாது. ஏணி எல்லாம் ரெடியா என்று பைலட் கேட்டார், ரெடி என்றார்கள். நானும் லைட் அடித்துப் பார்த்தேன். படியெல்லாம் நேராக இருந்தது, கீழே நாலு ரப்பர் படி இருந்தது, தண்ணீருக்கு மேல் சரியான உயரம். கீழிருந்து பார்க்கிறவனுக்கு அவ்வளவுதான் தெரியும். அந்த ஏணி மேலே எதில், எப்படிக் கட்டியிருக்கிறது என்பது எனக்கும் தெரியாது, ஏறுகிறவருக்கும் தெரியாது.

அலை உச்சிக்கு வரும்போது ஏணியைப் பிடிக்க வேண்டும். பைலட் அப்படியே பிடித்து ஐந்தாறு படி ஏறிவிட்டார். திடீரென்று ஏணி மொத்தமாக ஓர் அடிக்கு மேல் இறங்கி, டக்கென்று நின்றது.

அந்த நேரத்தில் ஒரு சராங்கு என்ன செய்வான் என்று யாராவது யோசித்திருக்கிறீர்களா? பைலட் ஏணியில் கால் வைத்ததும் லாஞ்சை விலக்கிவிட வேண்டும், அதுதான் வழக்கம். ஏனென்றால் அவர் விழுந்தால் தண்ணீரில் விழுந்தாலாவது பிழைக்க வழி உண்டு, லாஞ்ச் டெக்கில் விழுந்தால் முதுகெலும்பு போச்சு. விலக்காமல் நின்றால் அடுத்த அலை லாஞ்சைத் தூக்கி அவர் காலைக் கப்பலோடு வைத்து நசுக்கிவிடும். சரி, விலக்கியாயிற்று, அவர் தண்ணீரில் விழுகிறார் என்று வையுங்கள், ராத்திரி மூன்று மணிக்கு, அந்த அலையில், பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் கப்பலின் புரொப்பெல்லர். லைஃப் ஜாக்கெட்டில் இருக்கும் சின்ன விளக்கை மட்டும் நம்பி நான் அவரைத் தேட வேண்டும். நான் பாதி விலக்கியிருந்தேன். அந்தப் பாதியிலேயே கை நின்றுவிட்டது. முன்னால் நின்ற என் லஸ்கர் பையன், லாஞ்சில் கூட வேலை பார்க்கிறவன், "சாரே, சாரே" என்று கத்துகிறான், நான் த்ராட்டிலில் கை வைத்தபடி மேலே பார்த்துக்கொண்டிருக்கிறேன். பைலட் படியைப் பிடிக்காமல் இரண்டு பக்கக் கயிற்றையும் பிடித்திருந்தார், பழக்கம். அதனால்தான் தொங்கினார். கொஞ்ச நேரம் அசையவேயில்லை. அப்புறம் மெல்ல ஏறிப் போய்விட்டார்.

ஏறிப் போய் என்ன செய்தார்? எப்போதும் போல அந்தக் கப்பலை உள்ளே கொண்டுவந்து கட்டினார். கை நடுங்கியிருக்கும்தானே, அந்தக் கையோடுதான்.

மறுநாள் ஜெட்டியில் பார்த்தபோது சொன்னார். டெக்கில் ஏணியின் பக்கக் கயிறுகளைக் கட்டவே இல்லையாம். ஒரு ஷேக்கிலுக்குள் (இரும்புக் கொண்டி) இரண்டு கயிற்றையும் நுழைத்துவிட்டு, அடுத்த படி வந்து ஷேக்கிலில் முட்டி நிற்கும் என்று விட்டிருக்கிறார்கள். ஆள் பாரம் ஏறியதும் கயிறு வழுக்கி, படி முட்டும்வரை இறங்கியிருக்கிறது. அந்தப் படி உடைந்திருந்தால்? கேட்டதற்கு, அங்கே நின்ற ஏபி, "எப்பவும் இப்படித்தான் சார் கட்டுவோம்" என்றானாம். பைலட் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, "உன் ஊர்ப் பையன்தான், சராங்" என்றார். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. தமிழில் எழுதுவதற்கு இன்னொரு காரணம் என்றேனே, அதுதான்.

தம்பிமாரே, உங்களுக்கு நான் விதி சொல்லித்தர வேண்டியதில்லை. கடல் பாதுகாப்புக்கான உலக ஒப்பந்தம் சோலாஸ், அதில் 5-ஆம் அத்தியாயம், 23-ஆவது விதி. கப்பலை ஓட்டுகிற பிரிட்ஜில் படம் போட்டு ஒட்டியே வைத்திருக்கிறார்கள். 9 மீட்டருக்கு மேல் ஏற வேண்டியிருந்தால் கேங்வேயையும் (சாய்வுப் படிக்கட்டு) சேர்த்து இறக்க வேண்டும், அதையும் ஏணியையும் கப்பல் பக்கத்தோடு சேர்த்துக் கட்ட வேண்டும், ஒரு ஆபிசர் நின்று மேற்பார்க்க வேண்டும், லைஃப்பாய் (மிதவை வளையம்) விளக்கோடு தயாராக இருக்க வேண்டும். எல்லாம் தெரிந்ததுதான். பக்கக் கயிற்றில் மணிலாக் கயிற்றால் ரோலிங் ஹிட்ச் முடிச்சு போட்டு டெக்கில் இருக்கும் பேட்-ஐ வளையத்தில் கட்ட எவ்வளவு நேரம் ஆகும்? பத்து நிமிஷம்? ஷேக்கிலில் நுழைத்தால் ஒரு நிமிஷம். அந்த ஒன்பது நிமிஷ மிச்சத்தில்தான் ஒரு மனுஷர் தொங்கினார்.

இது மும்பையில் மட்டும் நடப்பதல்ல. உலகப் பைலட்மார் சங்கம் வருஷா வருஷம் ஏணிகளைக் கணக்கெடுக்கிறது, பத்தில் ஒன்றுக்கு மேல் தப்பாகவே இருக்கிறது. 2019 டிசம்பர் 30 அன்று நியூயார்க்கில், 30 வருஷத்துக்கு மேல் அனுபவம் உள்ள பைலட் ஒருவர் கன்டெய்னர் கப்பலில் ஏறும்போது விழுந்து செத்துப்போனார்.

பைலட்டே வேண்டாம், நாங்களே கப்பலை ஓட்டிக்கொள்வோம் என்று நினைக்கிறவர்கள் 2010 ஆகஸ்ட் 7-ஐ ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். எம்எஸ்சி சித்ரா, கலீஜியா என்ற இரண்டு கப்பலும் இந்தத் துறைமுகத்து வாயில்தான் மோதின. கன்டெய்னர் கன்டெய்னராகக் கடலில் மிதந்தது, எண்ணெய் கொட்டியது, நாட்கணக்கில் கப்பல் போக்குவரத்து நின்றது. இது எவ்வளவு குறுகலான இடம் என்பதற்குச் சொல்கிறேன். மும்பை, நவா ஷேவா இரண்டு பெரிய துறைமுகத்துக்கும் போகிற கப்பல் எல்லாம் இதே வாய்வழியாகத்தான் வந்தாக வேண்டும். மழைக்காலத்தில் கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து அக்கரையில் இருக்கும் மாண்ட்வாவுக்குப் போகும் பயணிகள் படகையே நிறுத்திவிடுவார்கள், பைலட் லாஞ்சை நிறுத்துவதில்லை.

கம்பெனிக்காரர்களே, உங்களுக்கும் ஒன்று. உங்கள் கப்பல் சாப்பாட்டு அறையில் "பாதுகாப்பே முதல்" என்று எத்தனை போஸ்டர்! படியில் விரிசல் தெரியாமலிருக்கப் பளபளவென்று பெயின்ட் அடித்த ஏணி ஒன்றைக்கூட நான் பார்த்திருக்கிறேன், பார்க்கக் கல்யாண வீட்டு வாசல் மாதிரி இருந்தது. ஏணிக்குச் சர்டிபிகேட் உண்டு, ஃபைல் உண்டு, ஆடிட்டும் நடக்கும், பேப்பரில் பார்த்தால் எந்த ஏணியும் இதுவரை வழுக்கியதே இல்லை. ஆளைக் குறைத்துக் குறைத்து, இருக்கிற நாலு பேரையும் ராத்திரி பகலாக வேலை வாங்கிவிட்டு, விடியற்காலை மூன்று மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் ஏணி கட்டச் சொன்னால் அந்தப் பையன் ஷேக்கிலைத்தான் மாட்டுவான். அவனை மட்டும் குற்றம் சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். லாஞ்ச் பையன்களின் சம்பளம், கான்ட்ராக்ட் பற்றியெல்லாம் பேச ஆரம்பித்தால் இந்த மடல் முடியாது, அதை வேறு நாள் வைத்துக்கொள்வோம்.

கோபத்தில் கொஞ்சம் அதிகம் எழுதிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். நான் படித்தவனில்லை. மரியாதையாகவே கேட்கிறேன். 2028 ஜனவரி 1 முதல் ஏணி விதி இன்னும் இறுகப்போகிறது என்கிறார்கள், நல்லது. அதுவரைக்கும் பொறுக்க வேண்டாம். பழைய ஏணியைத் தூக்கிப்போட்டுப் புது ஏணி வாங்கிக் கொடுங்கள். மும்பை வருவதற்கு முன்னாடி, வெளிச்சம் இருக்கும்போதே ஒருமுறை ஏணியை விரித்துப் படிபடியாகப் பாருங்கள். சீஃப் ஆபிசர் ஐயா, நீங்களே ஒருமுறை ரெயிலிங்கிற்கு வந்து அந்த முடிச்சைத் தொட்டுப் பாருங்கள். தம்பி, பைலட் ஏணியை ஒழுங்காகக் கட்டு.

இன்றைக்கு ராத்திரி எனக்கு மூன்று கப்பல். முதல் கப்பல் பதினொன்றரைக்கு, அதுவும் காலிக் கப்பல்தான். அருகே வந்ததும் வழக்கமான கேள்வியோடு கூட இன்னொன்றும் கேட்கச் சொல்லி பைலட்டிடம் சொல்லப்போகிறேன்: ஏணி எதில் கட்டியிருக்கிறது? பதில் "ரோஜர்" என்று வந்தால் லாஞ்ச் பக்கத்தில் வராது.

இப்படிக்கு,
ஒரு லாஞ்ச் சராங்கு,
ஆன்டாப் ஹில், மும்பை