கையெழுத்துக்குக் காத்திருக்கும் ஆய்வு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

என் மகள் நுண்ணுயிரியலில் மூன்றாண்டுப் பட்டம் முடித்துவிட்டாள். தென்னாப்பிரிக்காவில் அதை வைத்து நேராக எம்.எஸ்ஸி. சேர முடியாது, நடுவில் ஹானர்ஸ் என்று ஓராண்டு இருக்கிறது. ஊரிலிருந்து போன் செய்யும் சொந்தக்காரர்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லியே வாய் வலிக்கிறது. சரி, அதையும் முடித்தாள்.

அவள் ஆராய நினைப்பது கழிவுநீரில் இருக்கும், மருந்துக்கு மசியாத பாக்டீரியாவை. கம்பி வளையத்தைச் சுட்டு ஆறவைத்து, பாக்டீரியா வளர்க்கும் அகார் தட்டில் கோடு இழுக்க அவளுக்கு நன்றாகவே வரும், ஆனால் மரபணு வரிசையைப் படிக்கக் கணினி ஆள் வேண்டும், குழாயும் தொட்டியும் அறிந்த பொறியாளரும் வேண்டும். இரண்டு துறைப் பேராசிரியர்கள் சேர்ந்து வழிகாட்டச் சம்மதித்தும், படிவம் மூன்று மாதமாக மேசைக்கு மேசை அலைகிறது. யார் கணக்கில் மாணவி என்பதுதான் சண்டையாம்!

2021 நவம்பரில் ஒமிக்ரான் என்ற புதுக் கொரோனா வகையை உலகுக்கு அறிவித்தவர்களில் முன்னால் நின்ற துலியோ டி ஒலிவேரா கணினிவழி உயிரியல்காரர். ஆய்வகத்தாரும் மருத்துவர்களும் அவரோடு கைகோத்ததால்தான் அது அவ்வளவு சீக்கிரம் நடந்தது.

மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகளே, கூட்டு வழிகாட்டலுக்கு எத்தனை கையெழுத்து வேண்டும் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஒரு தகப்பன்,
சாட்ஸ்வொர்த், டர்பன்