பார்க்க முடியாத படங்களா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் சுதந்திர தின இணைப்பில் பழைய தேசபக்திப் படங்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். "இன்றைக்கு யாரும் பத்து நிமிடம்கூட உட்கார்ந்து பார்க்க முடியாத மேடை நாடகங்கள்" என்று ஒரே வரியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார் எழுதியவர். எதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறார் என்று தேடினேன், கட்டுரை முழுக்க ஒரு படத்தின் பெயர்கூட இல்லை.

சரி, நாடகம் மாதிரிதான் இருக்கும். நடித்தவர்கள் நாடகக் கொட்டகையிலிருந்து வந்தவர்கள், கடைசியில் தரை டிக்கெட்டில் இருப்பவருக்கும் வசனம் போய்ச் சேர வேண்டும் என்று தொண்டையைப் பழக்கியவர்கள். 1938இல் நந்தகுமார் வரும்வரை தமிழில் பின்னணிப் பாட்டே கிடையாது, நடிப்பவரேதான் கேமரா முன்னால் பாட வேண்டும், அதனால் நின்ற இடத்தில் நின்று பாடினார்கள். உங்களுக்குத் தெரியாததா இதெல்லாம்?

1939இல் கே. சுப்பிரமணியம் எடுத்த தியாகபூமியில், விரட்டிவிட்ட கணவன் சேர்ந்து வாழ வரச் சொல்லிக் கோர்ட்டுக்குப் போகிறான். சாவித்திரி என்ன சொல்கிறாள்? வேண்டுமானால் நான் அவருக்கு ஜீவனாம்சம் தருகிறேன் என்கிறாள், அப்புறம் சுதந்திரப் போராட்டத்தில் இறங்கிவிடுகிறாள். இன்றைய சீரியல்களில் எந்த மருமகளாவது இப்படிப் பேசுகிறாளா? அந்தப் படத்துக்கு வெள்ளைக்கார அரசாங்கம் தடை போட்டது. உட்கார்ந்து பார்க்கவே முடியாத படத்துக்கு எதற்கு ஐயா தடை? நாம் இருவர் படம் 1947 ஜனவரியில் வந்தது. கொடி ஏற இன்னும் ஏழு மாதம் இருக்கும்போதே "ஆனந்த சுதந்திரம் அடைந்துவிட்டோம்" என்ற பாரதி பாட்டை டி.கே. பட்டம்மாள் குரலில் தியேட்டரில் ஒலிக்கவிட்டார்கள்.

எனக்கு வருத்தம் அந்த ஒரு வரியோடு நிற்கவில்லை. விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா 1925 ஜூலை 23 அன்று எங்கள் தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில்தான் உயிர்விட்டார். சிறையில் பிடித்த தொழுநோய், அதைச் சொல்லி ரயிலில் ஏறக்கூடாது என்றுவிட்டார்கள், நடந்தும் மாட்டு வண்டியிலும் ஊர் ஊராகப் போய்ப் பேசியவர். அவர் நினைவு நாளுக்கு நான் எழுதி அனுப்பியது உங்கள் பத்திரிகையில் வரவில்லை. அதே நாளில் ஒரு நடிகரின் புதுப்பட டீசருக்கு அரைப் பக்கம் கொடுத்திருந்தீர்கள். தருமபுரி என்றால் உங்களுக்கு ஒகேனக்கல்லில் எத்தனை கன அடி தண்ணீர் என்பது மட்டும்தான் செய்தியா?

வேலையில் இருந்தபோது எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கப்பலோட்டிய தமிழன் போட்டுக் காட்டினேன். பந்துலு 1961இல் எடுத்தது, சிவாவாக டி.கே. சண்முகம். முதலில் அவர் அழுத்தி நிறுத்திப் பேசுவதைக் கேட்டுப் பின் பெஞ்சு சிரிக்கத்தான் செய்தது, நானும் தடுக்கவில்லை. ஆனால் நோய் தின்ற உடம்போடு சிவா சிதம்பரனார் முன்னால் வந்து நிற்கிறாரே, அந்த இடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான் கேட்டது. படம் முடிந்ததும் ஒரு பெண், "சார், இவரா நம்ம பாப்பாரப்பட்டி மணிமண்டபத்துல இருக்கறவரு?" என்று கேட்டாள். தினமும் பஸ்ஸில் அந்த வழியாக வருகிற பிள்ளை. பாடப் புத்தகத்தில் படித்தபோது கேட்காத கேள்வி அது. அன்று எந்தப் பிள்ளையும் பத்தாவது நிமிடத்தில் எழுந்து போகவில்லை.

கட்டுரையாளர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றெல்லாம் நான் சொல்லவில்லை. ஞாயிறு சினிமாப் பக்கத்தில், மாதம் ஒரு முறையாவது, இப்படி ஒரு படத்தைப் பற்றி யார் எடுத்தது, எந்த வருடம், என்ன கதை என்று கால் பக்கம் போடுங்கள். எழுதுபவர் அந்தப் படத்தை முழுசாகப் பார்த்தவராக இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
பென்னாகரம், தருமபுரி மாவட்டம்.