வள்ளிமலையில் விளக்கப் பலகைகளும் குடிநீர் வசதியும் வேண்டிக் கோரிக்கை மனு

அனுப்புநர்:
வள்ளிமலைச் சுற்றுவட்டாரக் கிராம மக்கள், காட்பாடி வட்டம், வேலூர் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், வேலூர்.

பொருள்: வள்ளிமலை முருகன் கோயில் மலைப்பாதையில் அடிப்படை வசதிகளும், மலையிலுள்ள பழஞ்சின்னங்களுக்குப் பாதுகாப்பும் கோருதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

வணக்கம். வள்ளியம்மை பிறந்து வளர்ந்து, தினைப்புனம் காத்த தலம் எங்கள் மலை என்பது ஊர்ப்பெருமைக்காக நாங்களே சொல்லிக்கொள்வதன்று. கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணத்தில் வள்ளியம்மை திருமணத்தைப் பாடத் தொடங்கும்போதே தொண்டை நாட்டு மேற்பாடியைப் பெயர் சொல்லி, அதன் அருகிலுள்ள மலையில்தான் கதையை நிகழ்த்துகிறார். அருணகிரிநாதரும் இத்தலத்தைப் பாடியுள்ளார். ஆயினும் திருத்தணிக்கு வரும் பக்தர்களில் பலர், வள்ளியின் ஊர் வேலூர் மாவட்டத்தில் இருப்பதை அறியாமலே திரும்புகின்றனர். திருத்தணியில் டிசம்பர் 31 படித் திருவிழாவைத் தொடங்கி வைத்த வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் வாழ்ந்து சமாதியடைந்ததும் இம்மலையிலேதான்.

பாறையைக் குடைந்தெடுத்த கருவறையில் தரிசனம் முடித்து மேலே நடப்பவர்கள், கிழவர் வேடத்தில் வந்த முருகன் தேனும் தினைமாவும் உண்டு விக்கலெடுத்தபோது வள்ளி நீர் மொண்டு கொடுத்ததாக நம்பப்படும் சுனையை, வெறும் மழைநீர்க் குட்டை என்றெண்ணிக் கடந்து போகின்றனர். சிலர் அதில் தண்ணீர் பாட்டிலையும் வீசிச் செல்கின்றனர். அதே மலையில் சமணத் தீர்த்தங்கரர்களின் புடைப்புச் சிற்பங்களும், 9ஆம் நூற்றாண்டில் மேலைக் கங்க மன்னன் இராசமல்லன் இங்குச் சமணப் பள்ளி அமைத்ததைக் கூறும் கல்வெட்டும் உள்ளன. சிற்பங்களை ஒட்டிய பாறையில் எவரோ பெயின்ட்டால் தம் பெயரையும் தம் காதலியின் பெயரையும் எழுதி வைத்திருப்பதைக் காண வேதனையாக உள்ளது. முருகனைக் கும்பிடும் எங்களுக்கு அச்சிற்பங்களும் எங்கள் மலையின் சொத்தே.

எனவே இந்து சமய அறநிலையத் துறையும் தொல்லியல் துறையும் கலந்து பேசி, சுனை முதல் சமணக் குகை வரை ஒவ்வோரிடத்திலும் தமிழில் விளக்கப் பலகை வைக்கவும், சிற்பங்களுக்கு நிரந்தரக் காவலர் ஒருவரை அமர்த்தவும், பாறையில் எழுதியவற்றைத் தகுந்த வல்லுநரைக் கொண்டே நீக்கவும் ஆணையிடுமாறு வேண்டுகிறோம். சுண்ணாம்படித்து மூடிவிட வேண்டாம் என்பதையும் பணிவுடன் குறிப்பிடுகிறோம். வெயில் ஏறியபின் கற்படிகள் கொதிப்பதால் முதியவர்கள் ஈரத்துண்டைப் போட்டு அதன்மேல் கால்வைத்து ஏறுகின்றனர்; பாதி வழியில் நிழற்கூரையும் குடிநீர்த் தொட்டியும் அமைத்தால் பேருதவியாக இருக்கும்.

மாசிப் பெருவிழாவில் தேர் நான்கு நாள்கள் மலையைச் சுற்றி வருவதால், அந்நாள்களில் காட்பாடியிலிருந்து இரவிலும் சிறப்புப் பேருந்துகள் இயக்க ஆவன செய்யுமாறும் கேட்டுக்கொள்கிறோம்.

இங்ஙனம்,
தங்கள் உண்மையுள்ள,
வள்ளிமலைச் சுற்றுவட்டாரக் கிராம மக்கள்