குடிப்பவரின் வீட்டாருக்கும் ஓர் அறை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மதுக்கடைகளை மூடுவது குறித்தும் மறுவாழ்வு மையங்கள் குறித்தும் தங்கள் நாளிதழில் கடிதங்கள் அடிக்கடி வெளிவருகின்றன. குடிப்பவரோடு ஒரே வீட்டில் காலம் தள்ளும் தாய்க்கும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என்ன வழி என்று கேட்போர் குறைவு.

காரிமங்கலம் பகுதியில் மகளிர் சுய உதவிக் குழு ஒன்றுக்குக் கணக்கு எழுதி வருகிறேன். தீர்மானப் புத்தகத்தில் 'கறவை மாடு' என்று காரணம் காட்டி வாங்கப்படும் கடன், சில வேளைகளில் கணவர் குடித்து வைத்த பாக்கியை அடைக்கவே போகிறது. யாரும் கேட்பதில்லை, கேட்டால் அவர் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார். பெங்களூருவில் கட்டட வேலை செய்யும் கணவர் திங்கட்கிழமை எழ முடியாமல் கிடந்தால், மேஸ்திரியிடம் 'காய்ச்சல்' என்று சொல்பவரும் மனைவிதான். கோயிலில் கயிறு கட்டியும் பயனில்லாதபோது, 'குடிப்பவருக்குத் தெரியாமலே கொடுக்கலாம்' என்ற விளம்பரத்தை நம்பி வாங்கிய பொடியைக் குழம்பில் கலக்கிறார்கள். குடியை நிறுத்த மருத்துவர்கள் தரும் டைசல்ஃபிரம் போன்ற மருந்தை அறியாமல் உட்கொண்டவர் அதன்மேல் குடித்தால் உயிருக்கே ஆபத்து நேரலாம் என்பதையோ, நெடுநாள் குடித்தவரை அறையில் பூட்டித் திடீரென நிறுத்தவைத்தால் வலிப்பு வரக்கூடும் என்பதையோ அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை.

அமெரிக்காவில் 1935இல் குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) இயக்கம் தோன்றியது. அவர்களுடைய குடும்பத்தாருக்கும் நண்பர்களுக்குமான அல்-அனான் என்ற அமைப்பு 1951இல் உருவானது. அதன் கூட்டங்களுக்குக் கட்டணம் இல்லை, முழுப்பெயர் சொல்ல வேண்டியதில்லை, ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவதில்லை. குடிக்கு நாம் காரணமல்ல, அதை நம்மால் கட்டுப்படுத்தவும் குணப்படுத்தவும் இயலாது என்பதே அங்கு முதலில் பேசப்படுவது. "நீ ஒழுங்கா இருந்தா அவன் எதுக்குக் குடிக்கிறான்?" என்று மாமியார் வாயால் ஆண்டுக்கணக்கில் கேட்ட பெண்ணுக்கு, இதில் முதற்பகுதி மட்டுமே போதும் என்பேன். அதேசமயம், அடி உதையைப் பொறுத்துப் போகச் சொல்லும் இடமாக அது மாறிவிடக் கூடாது. 181 என்ற மகளிர் உதவி எண் அங்கு வருவோர் அனைவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பழைய சேலம் மாவட்டத்தில் 1937இல் ராஜாஜி மதுவிலக்கைக் கொண்டுவந்தபோது நம் பகுதியும் அதில் அடங்கியிருந்தது. பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு மகளிர் குழுக்கள் தமிழகத்தில் முதன்முதலாக 1989இல் தொடங்கப்பட்டதும் அன்றைய தருமபுரி மாவட்டத்தில்தான். கூடிப் பேசும் பழக்கம் நமக்குப் புதிதன்று. ஆயினும் அல்-அனான் போன்ற கூட்டத்தை அதே மகளிர் குழுக்களுக்குள் நடத்துவது சரிவராது என்பது என் கருத்து. கடன் கொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்போர் முன்னால் எவரும் வீட்டுக் கதையைத் திறக்கமாட்டார்கள். சொந்த ஊரிலும் கூடாது. டீக்கடை வரை செய்தி போய்விடும்.

எனவே தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் பேருந்து நிலையத்துக்கு நடந்துபோகும் தொலைவில், வாரத்தில் ஒரு நாள், பிள்ளைகள் பள்ளியில் இருக்கும் முற்பகல் நேரத்தில், பெயர்ப்பலகை இல்லாத ஓர் அறையை மாவட்ட நிர்வாகங்கள் ஒதுக்கித் தர வேண்டும். தந்தையரும் உடன்பிறந்தாரும் நண்பர்களும் வரலாம். குடிப்பவரை இழுத்து வர வேண்டியதில்லை. அரசு மருத்துவமனையில் குடிநோய்ச் சிகிச்சைக்குச் சேர்ப்பவரிடம் மருந்துச் சீட்டோடு இந்த அறையின் முகவரியையும் எழுதிக் கொடுத்தால் நன்று.

இங்ஙனம்,
ஒரு வாசகி,
காரிமங்கலம், தருமபுரி மாவட்டம்.