வெட்டுப்பட்ட வலது ஓரம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், உழைக்கும் பெண்களைப் பற்றிய கட்டுரையோடு பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் 'கதிர் பொறுக்கும் பெண்கள்' ஓவியத்தை வண்ணத்தில் வெளியிட்டிருந்தீர்கள். மிக்க நன்றி. ஆனால் இடத்துக்காகவோ என்னவோ, மூன்று பெண்கள் மட்டும் தெரியும்படி மேல்பக்கத்தையும் வலது ஓரத்தையும் வெட்டியிருக்கிறார்கள். கீழே 'அறுவடையில் பெண்கள்' என்று குறிப்பு வேறு. முழுப் படமும் கண்முன் இருந்திருந்தால் அப்படி எழுதத் தோன்றியிருக்காது.

அறுவடை தூரத்தில் நடக்கிறது. பெரிய பெரிய கதிர்ப்போர்கள், பாரம் ஏற்றிய வண்டி, கும்பலாக அறுப்பாட்கள். வலது ஓரத்தில் குதிரை மேல் ஒருவர் இருக்கிறார், அவர்தான் கண்காணி. ஒரு மீட்டருக்கு மேல் அகலமான படத்தில் மிகச் சின்ன உருவம். இந்த மூன்று பெண்களுக்கும் அந்த விளைச்சலில் பங்கு கிடையாது. கட்டுகள் போன பிறகு தாளுக்கு நடுவே சிந்திக் கிடப்பதைப் பொறுக்கிக்கொள்ள ஏழைகளை விடுவது அந்த நாட்டின் பழைய வழக்கம். அதுவும் பொழுது இருக்கும்போது மட்டும். அவ்வளவு விளைந்த நிலத்தில் இவர்களுக்கு இவ்வளவுதான் என்பதை மில்லே பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். 1857இல் பாரிஸ் கண்காட்சியில் விமர்சகர்கள் சிலர் கொதித்ததும் இதனால்தான். பிரான்சில் மக்கள் எழுந்து மன்னரை விரட்டிய 1848 புரட்சி நடந்து ஒன்பது ஆண்டுகளே ஆகியிருந்தன. குனிந்திருக்கும் மூன்று ஏழைப் பெண்களைப் பார்த்து அவர்கள் பயந்தார்கள்.

நான் மன்னார்குடிப் பக்கம் கூலிக்காரர் வீட்டுப் பிள்ளை. அறுப்பு முடிந்த வயலில் அம்மாவோடு கதிர் பொறுக்கியிருக்கிறேன். கடைசிக் கட்டு களத்துக்குப் போகும்வரை வரப்பில்தான் நிற்க வேண்டும். காரியக்காரர் தலையசைத்தால்தான் இறங்கலாம். அப்புறமும் அவர் கண் எங்கள் மடியிலேயே இருக்கும், கட்டிலிருந்து உருவியிருப்போமோ என்று. அம்மா ஒரு நாளும் உருவியதில்லை. இடதுபக்கப் பெண்ணின் ஒரு கை முதுகுக்குப் பின்னால் மடங்கி, பொறுக்கிய கதிரைப் பிடித்திருக்கிறது பாருங்கள். முன்னால் பிடித்தால் குனியும்போதெல்லாம் தாளில் உரசி மணி உதிரும். அம்மாவும் அப்படித்தான் பிடிப்பார். மில்லே நார்மண்டியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து வயலில் வேலை செய்தவர். வயலில் நின்றவர் கண்ணுக்குத்தான் அந்தக் கை படும்.

பிறகு நான் அரசுப் பள்ளியில் ஓவிய ஆசிரியை ஆனேன். எட்டாம் வகுப்பில் இந்தப் படத்தை மாட்டினால் கொஞ்ச நேரம் பேசாமல் பார்ப்பார்கள். அப்புறம் யாராவது ஒரு பிள்ளை கேட்டுவிடும்: "டீச்சர், குதிரையில யாரு?" அந்தக் கேள்வியிலிருந்துதான் என் பாடம் தொடங்கும். கூலி, நிலம், யாருடைய விளைச்சல் என்று மணி அடிக்கும்வரை பேசிக்கொண்டிருப்போம். உங்கள் இணைப்பைப் பார்த்த பிள்ளைக்கு அந்தக் கேள்வி எப்படி வரும்? அழகாகக் குனிந்திருக்கும் மூன்று பேர்தான் தெரிவார்கள். எனக்குப் பொறுக்கவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

அடுத்த ஞாயிறு ஓவியத்தை ஒரு முறை முழுதாக வெளியிடுங்கள். இடம் போதாவிட்டால் சிறிதாகப் போட்டாலும் சரி, குதிரையில் இருப்பவர் மட்டும் விடுபடாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை,
மன்னார்குடி