அந்த மெயில் ஐடி நம்முடையது அல்ல: வேலூர் பிரவுசிங் சென்டர் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

வேலூர், காட்பாடி, சத்துவாச்சாரி, பாகாயம் பக்கம் ஜெராக்ஸ் கடையும் பிரவுசிங் சென்டரும் நடத்தும் நண்பர்களுக்கு,

வணக்கம். போன மாதம் காட்பாடி ரயில் நிலையத்துக்கு வெளியே நின்று மிளகாய் பஜ்ஜி சாப்பிட்டேன். எண்ணெய் ஊறிய தாளைக் கசக்கிப் போடப்போகும்போது எழுத்து கண்ணில் பட்டது. யாரோ ஒரு பையனின் பயோடேட்டா. பெயர், அப்பா பெயர், செல் நம்பர், மெயில் ஐடி எல்லாம் பளிச்சென்று இருந்தது. டிப்ளமோவில் 78 சதவீதம். தாளின் ஓரத்தில் மேலிருந்து கீழ் வரை ஒரு கறுப்புக் கோடு. அந்தக் கோடு எதனால் விழும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம்மில் ஒருவர் பாழான தாள் என்று ஒதுக்கி, கட்டுக் கட்டி, கிலோ கணக்கில் போட்டது. என் கடைத் தாளாகவும் இருக்கலாம். என் மெஷினும் கோடு போடும் மெஷின்தான்.

மெயில் முழுக்கக் குப்பையாக வருகிறது என்று யாராவது புலம்பினால் நாம் வைத்திருக்கும் பதில் ஒன்றுதான்: "கண்ட கண்ட சைட்டுக்குப் போயிருப்பீங்க சார்." அது பாதிதான் உண்மை. இணையப் பக்கங்களில் அட் குறியைத் தேடித்தேடி முகவரி பொறுக்கும் புரோகிராம்கள் உண்டு. பெயரோடு எண்களை மாற்றி மாற்றி ஒட்டிக் குத்துமதிப்பாக அனுப்பிப் பார்ப்பவர்கள் உண்டு. பெரிய கம்பெனிகளில் திருடுபோன தகவல்களும் கை மாறுகின்றன. ஆனால் 1978 மே மாதம் கேரி துர்க் என்ற அமெரிக்க விற்பனைக்காரர் தன் கம்பெனிக் கம்ப்யூட்டரை விற்பதற்காக, இன்டர்நெட்டுக்கு முன்னோடியான அர்ப்பாநெட்டில் சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினாரே, அவருக்கு இதில் எதுவும் தேவைப்படவில்லை. அச்சடித்த டைரக்டரி ஒன்று கையில் இருந்தது. அதைப் பார்த்துத் தட்டச்சு செய்தார்கள். முதல் குப்பை மெயிலே ஒரு லிஸ்டிலிருந்து போனதுதான்.

நம் ஊரில் அந்த லிஸ்ட் நம் கம்ப்யூட்டரில் இருக்கிறது.

இனி என் கதை. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு கோச்சிங் சென்டர் ஆள் கடைக்கு வந்தார். அரசு வேலைக்கு அப்ளை பண்ணிய பிள்ளைகளின் மெயில் ஐடியும் நம்பரும் வேண்டும், நல்ல வாய்ப்பு இருக்கிறது, அவர்களுக்கே உதவியாக இருக்கும் என்றார். டேபிள் மேல் 2,000 ரூபாய் வைத்தார். மின்சார பில் கட்ட வேண்டிய வாரம் அது. என்னிடம் விண்ணப்பம் போட வந்த 340 பேர் இருந்த எக்செல் பைலைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்தேன். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

சில மாதம் கழித்து ஒரு பெண் வந்தாள். அவளுக்கு மெயில் ஐடி தொடங்கிக் கொடுத்ததே நான்தான். படிக்காத மெயில் 1,400 சொச்சம். லோன், லாட்டரி, வெளிநாட்டு வேலை, உடம்பு இளைக்கும் மாத்திரை. ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் ஒரு கம்பெனியில் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தாள். தேடிப் பார்த்தோம். கடிதம் வந்துதான் இருந்தது, அந்தக் குவியலின் நடுவில். நேர்காணல் 14ஆம் தேதி. அவள் என் முன்னால் உட்கார்ந்திருந்தது 19ஆம் தேதி.

"அண்ணா, இவங்களுக்கெல்லாம் என் ஐடி எப்படிண்ணா தெரியும்?"

"ஆன்லைன்ல இதெல்லாம் சகஜம்மா" என்றேன். அன்றைக்குப் பிரிண்டுக்குக் காசு வாங்கவில்லை. அதற்கு மேல் எதுவும் செய்யவில்லை.

இதைப் படித்துவிட்டு நான் யாருக்கும் லிஸ்ட் கொடுத்ததில்லை என்று சொல்பவர்கள் இருப்பீர்கள். சந்தோஷம். ஆனால் ஐடி தொடங்கும்போது, பாஸ்வேர்டு மறந்தால் மீட்கக் கேட்கும் ரெக்கவரி நம்பராக யார் நம்பரைப் போடுகிறீர்கள்? பாஸ்வேர்டு என்ன, பெயரும் 123-ம் தானே? பெரியவர்கள் வந்தால் புது ஐடி எதற்கு என்று கடை ஐடியையே விண்ணப்பத்தில் போட்டு அனுப்புவதில்லையா? அவருக்கு வர வேண்டிய கடிதம் நம் பெட்டியில் கிடக்கும்; அவர் வீட்டில் காத்துக்கொண்டிருப்பார். ஆஸ்பத்திரிக்கு வரும் கொல்கத்தாக்காரர்கள் ரிப்போர்ட்டைப் பிரிண்ட் எடுத்துவிட்டு லாக் அவுட் பண்ணாமல் ரயிலுக்கு ஓடுகிறார்கள். அடுத்து உட்காருகிறவர் கண்ணில் அவர்களுடைய ஸ்கேன் வரை எல்லாம் தெரிகிறது. அவர்கள் அவசரம் அவர்களுக்கு. எழுந்து போனதும் லாக் அவுட் ஆனதா என்று பார்க்க வேண்டியது நாம்தான்.

என் கடையில் இப்போது சிலவற்றை மாற்றியிருக்கிறேன். பாழான தாளை நாலாகக் கிழித்துத்தான் எடைக்குப் போடுகிறேன். பஜ்ஜிக் கடைக்காரர் கோபித்துக்கொண்டார். ரெக்கவரி நம்பர் வருபவருடையதுதான். பாஸ்வேர்டை அவரே தட்டட்டும் என்று நான் திரும்பிக்கொள்கிறேன். பிரவுசர் "பாஸ்வேர்டைச் சேமிக்கவா?" என்று கேட்பதையே நிறுத்திவிட்டேன். பல பேருக்கு ஒரே மெயில் அனுப்ப யாராவது வந்தால் முகவரிகளை எல்லோருக்கும் தெரியும் சிசியில் போடாமல், மற்றவர் கண்ணுக்குத் தெரியாத பிசிசியில் போடுகிறேன். இல்லாவிட்டால் எல்லோர் முகவரியும் எல்லோருக்கும் போய்விடும்.

நாளுக்கு இரண்டு பேருக்காவது சொல்வது இது: இரண்டு ஐடி வைத்துக்கொள்ளுங்கள். வேலை, பேங்க், ஆதாருக்கு ஒன்று. துணிக்கடை பில்லிலும் குலுக்கல் கூப்பனிலும் எழுத இன்னொன்று. ஒன்றே போதும் என்பவர்களுக்கு ஜிமெயிலில் ஒரு வசதி இருக்கிறது. உங்கள் ஐடி குமார்45 என்றால், கடையில் குமார்45 பிளஸ் துணி என்று ஆங்கிலத்தில் எழுதிக்கொடுக்கலாம். மெயில் உங்களுக்கே வரும். நாளைக்கு அந்தத் துணிக்கடை முகவரிக்கு லோன்காரன் எழுதினால், யார் கொடுத்தது என்று தெரிந்துவிடும். சில சைட்டுகள் பிளஸ் குறியை ஏற்காது, விவரமானவன் அதை வெட்டிவிட்டும் அனுப்புவான். ஆனாலும் இது அன்றைக்கு என்னிடம் வந்த பிள்ளைகளுக்குத் தெரிந்திருந்தால் நான் மாட்டியிருப்பேன்.

இனி அனுப்பாதே என்று சொல்லும் அன்சப்ஸ்கிரைப் பட்டனை எப்போது அமுக்குவது என்று எல்லோரும் கேட்கிறார்கள். நீங்களே பொருள் வாங்கிய, தெரிந்த கம்பெனி என்றால் அமுக்குங்கள். ஒரு நாளைக்கு 5,000 மெயிலுக்கு மேல் விளம்பரம் அனுப்புபவர்கள் ஒரே கிளிக்கில் விலகும் வழி தர வேண்டும் என்று ஜிமெயில் 2024இல் கட்டாயமாக்கியது. முன்பின் தெரியாதவன் அனுப்பியதில் அமுக்கினால், இந்த முகவரியில் ஆள் இருக்கிறது என்று அவனுக்கு நாமே சொன்ன மாதிரி ஆகும். அதை ஸ்பேம் என்று குறித்துவிட்டுப் போக வேண்டியதுதான். ஸ்பேம் பெட்டியையும் வாரம் ஒரு தடவை திறந்து பார்க்கச் சொல்லுங்கள், நல்ல கடிதமும் சில சமயம் அங்கே போய் விழும், 30 நாளில் ஜிமெயிலே அழித்துவிடும். பணமே போய்விட்டது என்று யாராவது ஓடிவந்தால் பேச்சை விட்டுவிட்டு முதலில் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் போன் போட்டுக் கொடுங்கள்.

1909க்குச் சொல்லி, விளம்பரத் தொந்தரவு வேண்டாம் என்று பதியும் டிஎன்டி போட்டால் போதாதா என்கிறார் ஒரு நண்பர். அது போனுக்கும் எஸ்எம்எஸ்ஸுக்கும்தான், மெயிலைத் தொடாது. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கு 2023இல் சட்டம் வந்தது. எந்தக் காரியத்துக்கு என்று சொல்லி வாங்கினோமோ அந்தக் காரியத்தோடு தகவல் நிற்க வேண்டும் என்பது அதன் சாரம். அபராதம் 250 கோடி வரை போகலாம். நம் கடையை மெஷினோடு விற்றாலும் அதன் வட்டிக்குக் காணாது, ஆகவே பயப்படச் சொல்லி இதை எழுதவில்லை.

அந்த எக்செல் பைலை நேற்று ராத்திரி அழித்தேன். பென் டிரைவில் போனது எங்கே சுற்றுகிறதோ, எனக்குத் தெரியாது. அந்தப் பெண்ணிடம் நான் இன்னும் சொல்லவில்லை. அவள் இப்போதும் என் கடைக்குத்தான் பிரிண்ட் எடுக்க வருகிறாள்.

இப்படிக்கு,
சத்துவாச்சாரியில் உங்களைப் போல் ஒரு ஜெராக்ஸ் கடைக்காரன்