தம்பூரா இரைச்சல் அல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

கணினிக்கு இசையைப் புரியவைக்கும் முயற்சிகள் பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 31 ஆண்டுகள் வாய்ப்பாட்டு சொல்லிக்கொடுத்தவள் நான். ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

2020 ஊரடங்கில் வகுப்புகளைக் காணொளி அழைப்புக்கு மாற்றினேன். வெளிநாட்டில் இருந்த ஒரு சிறுமிக்கு முதல் பாடம், மாயாமாளவகௌளை ராகத்தில், தொடக்கப் பயிற்சியான சரளி வரிசை. ஆதார சுருதியை விடாமல் ஒலிக்கும் எலெக்ட்ரானிக் தம்பூராவை ஐந்து கட்டை சுருதியில் வைத்துவிட்டுப் பாடினேன். இரண்டாம் வரிசைக்குள் குழந்தை சுருதி விலகிவிட்டாள். அதட்டினேன். "சுருதியே கேட்கவில்லை டீச்சர்" என்றாள். நான் நம்பவில்லை. மறுநாள் அவள் அம்மா பதிவுசெய்து அனுப்பியதைக் கேட்டேன். முதல் இரண்டு மூன்று விநாடி தம்பூரா ஒலிக்கிறது. பிறகு தேய்ந்து மறைந்தே போகிறது. என் குரல் மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. விடாமல் ஒரே சீராக ஒலிப்பதெல்லாம் மின்விசிறிச் சத்தம் போன்ற இரைச்சல், அதை நீக்கிவிடு என்று அந்தக் காணொளி அழைப்புச் செயலிக்குக் கற்பித்திருக்கிறார்கள். அந்த இரைச்சல் நீக்கத்தை நிறுத்திவைக்க வழி உண்டு என்று பிறகுதான் தெரிந்தது. தவறு செய்யாத குழந்தையை அதட்டியது இன்றும் உறுத்துகிறது.

இத்தனைக்கும், பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகம் 2011இல் தொடங்கி, சென்னை ஐஐடியும் சேர்ந்து நடத்திய காம்ப்மியூசிக் ஆய்வில், கணினி முதலில் தேடியது பாடுபவரின் ஆதார சட்ஜத்தை, அதாவது மற்ற ஸ்வரங்களுக்கெல்லாம் அடிப்படையான ஸாவை. அதற்குக் கைகொடுத்தது இதே தம்பூரா ஒலிதான். ஆண் ஒரு கட்டையில் பாடும் ஸாவும் பெண் ஐந்து கட்டையில் பாடும் ஸாவும் அதிர்வெண்ணில் வேறு வேறு. தம்பூரா இல்லாமல் எது ஸா என்று இயந்திரம் எப்படி அறியும்?

சட்ஜம் கிடைத்தாலும் போதாது. ஆரபி, தேவகாந்தாரி என்ற இரண்டு ராகங்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் ஏறுவது ஸ ரி ம ப த ஸ, இறங்குவது ஸ நி த ப ம க ரி ஸ. ஸ்வரக் கணக்கு மட்டும் போட்டால் இரண்டும் ஒன்றே. ஆரபி விறுவிறுப்பாக, ஸ்வரங்களில் நேராக நின்று போகும். தேவகாந்தாரியோ நிதானமாக, நீண்ட அசைவுகளோடு இழைந்து வரும். கேட்டுப் பழகிய பத்து வயதுப் பிள்ளை பிரித்துச் சொல்லிவிடும்.

ஒலிகளை அடையாளம் காணக் கணினிக்குக் கற்பிப்பதற்காக 2017இல் கூகுள் வெளியிட்ட ஆடியோசெட் தொகுப்பில், மனிதர்கள் கேட்டுப் பெயரிட்ட ஒலித்துண்டுகள் 20 லட்சத்துக்கும் மேல். ஒவ்வொன்றும் பத்து விநாடி. பத்து விநாடியில் தேவகாந்தாரி ஆலாபனை கண்ணைக்கூடத் திறந்திருக்காது. 632 ஒலி வகைகளில் சிதார் உண்டு, தபலா உண்டு. நாகஸ்வரமும் மிருதங்கமும் தனி வகையாக இல்லை. 'கர்நாடக இசை' என்று மொத்தமாக ஒரே பெயர்.

மாவட்ட அரசு இசைப் பள்ளிகளில் நாகஸ்வரம், தவில், தேவாரம் படித்துவிட்டுச் சரியான வேலை இல்லாமல் இருக்கும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். மல்லாரி கேட்டால் சுவாமி புறப்பாடு என்றும், கெட்டிமேளம் கேட்டால் தாலி ஏறுகிறது என்றும் அறிந்த காதுகள் அவர்களுடையவை. நம் ஒலிகளுக்குப் பெயரிடும் பணியை அரசு அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும், உரிய ஊதியத்தோடு.

ஓய்வுபெற்ற இசை ஆசிரியை,
கும்பகோணம்